தெரியாது என்று சொன்னேன்

அன்று ரத்தோட்டையிலிருந்து கிளம்பியது மூன்று பேர்: நான், செத்துப்போன என் கூட்டாளி செல்வத்தின் தங்கச்சி வசந்தி, த்ரீவீலர் ஓட்டும் நசீர் நானா. மனநோயாளர் நிதிக்குப் பணம் சேர்க்க, செல்வத்தின் நினைவாக நான் தனியாக மரதன் ஓட்டம் ஓடினேன். அவன் படத்தைச் சட்டையில் நெஞ்சுப் பக்கம் குத்தியிருந்தேன். கால் பிடிக்குமோ, மழை வருமோ என்றெல்லாம் பயந்தவன், யுத்த காலத்தில் அந்தப் படம் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

மாத்தளைக்கு முன்னால் செக்பொயின்டில் ஆமிக்காரர் மறித்தார்.

"யாருடா இது? செத்த புலியா?"

"தெரியாது சேர்" என்றேன்.

பின்னால் வந்த த்ரீவீலரிலிருந்து வசந்தி இறங்கினாள்.

"எங்க அண்ணன் சேர். மனசு சுகமில்லாம அவராவே உயிர விட்டுட்டாரு."

ஆமிக்காரர் வழிவிட்டார். "ஓடுங்கண்ணே" என்றாள் வசந்தி, என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போதெல்லாம் யாரும் கேட்கும் முன்பே, செல்வம் என் கூட்டாளி, மனநோயில் இறந்தான் என்று சொல்லிவிடுகிறேன். வசந்தி மட்டும் என்னிடம் அவனைப் பற்றிப் பேசுவதில்லை.