பிராதில் நான் எழுதாமல் விட்ட எட்டாயிரம்

போன சித்திரையில் அடகுக் கடையிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆடி முடிவதற்குள் மீட்காவிட்டால் செயின் ஏலத்துக்குப் போய்விடும். அது என் அம்மாவின் தாலிச் செயின். திட்டக்குடியில் அம்மா வெறும் மஞ்சள் கயிற்றோடு நடமாடிக்கொண்டிருந்தாள். யார் கேட்டாலும், "பாலிஷ் போடக் குடுத்துருக்குது" என்று பொய் சொன்னாள். எனக்காகச் சொன்ன பொய். நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். வேப்பூர் மாலாவும் என்னோடு வேலை பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே ரூமில் ஒன்றரை வருடம் இருந்தோம். அட்வான்ஸ் நாற்பதாயிரம். அந்தச் செயினை அடகு வைத்து முழுதும் நான்தான் கொடுத்தேன். அக்ரிமென்ட் மட்டும் அவள் பெயரில். என் கையில் ஒரு ரசீது கிடையாது. ரூமைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் அவளிடம் பணத்தைக் கொடுத்தார். அப்படியே வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள். என் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாள். பாவி! ஒரே தட்டில் சாப்பிட்டவள்.

அழுதுகொண்டே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போனேன். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே முருகனுக்கே பிராது எழுத வேண்டும். யார், எந்த ஊர், என்ன அநியாயம் செய்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி, சுவாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்த்து வைப்பார் என்பது நம்பிக்கை.

நாற்பதாயிரம் என்று எழுதினேன். அப்போது இன்னொரு கணக்கும் நினைவுக்கு வந்தது. எனக்குக் காமாலை வந்து கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு எட்டாயிரம் கட்டியது மாலாதான். நான் அதைத் திருப்பித் தரவே இல்லை. என்னை நடுத்தெருவில் விட்டவளுக்கு நான் ஏன் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஆங்காரம். எழுதாமலே மடித்துக் கட்டிவிட்டேன்.

பக்கத்தில் பிராது கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் அழுகையைப் பார்த்தார்கள். "இங்க கட்டிட்டு சும்மா இருந்துடாதம்மா. கோர்ட்டுல மக்கள் நீதிமன்றத்துக்கும் ஒரு மனு குடு. செலவு கெடையாது" என்றார்கள். அவர் வாயால் பேசியது கொளஞ்சியப்பர்தான். மறுநாளே மனு கொடுத்தேன். அதிலும் அந்த எட்டாயிரத்தை எழுதவில்லை.

ஆடி பிறந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். மாலா அவள் அண்ணனோடு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன்தான் பேசினார். "அட்வான்ஸு நாங்க குடுத்ததுங்க. அக்ரிமென்ட்டே எங்க பேர்லதான் இருக்குது." அம்மாவின் செயின் போயிற்று என்றே நினைத்தேன்.

நீதிபதி அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட ஆதாரம் எதுவும் இல்லையேம்மா. உங்களுக்குள்ள வேற கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முருகா, அந்தச் சொல் வரவே இல்லை. "எட்டாயிரம் நான் இவளுக்குத் தரணுங்க. காமாலையில கெடந்தப்போ இவதான் கட்டுனா. மனுவுலயும் எழுதல, சாமிக்குக் கட்டுன பிராதுலயும் எழுதல" என்று அழுதுவிட்டேன்.

மாலா ஓவென்று அழுதாள். "அந்த எட்டாயிரத்துக்கு நானும் பிராது கட்டியிருக்கேங்க. அட்வான்ஸு இவளுதுதான். அத நான் எழுதல."

அவள் அண்ணன் அக்ரிமென்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எட்டாயிரம் கழித்து முப்பத்திரண்டாயிரம் என்று சமரசம் எழுதினார்கள். அந்த வாரமே பணம் வந்தது. மீதிக்கும் வட்டிக்கும் ஓவர்டைம் பார்த்தேன். ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது செயினை மீட்டு, அம்மா கழுத்தில் நானே போட்டுவிட்டேன்.

மாலாவும் நானும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் இப்போதெல்லாம் யாரிடம் கைம்மாற்று வாங்கினாலும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

கஷ்டத்தில் இருக்கும் அன்பர்களே, கைவிட மாட்டார், நம்பிப் போய் எழுதுங்கள். எதிராளியின் தப்போடு உங்கள் தப்பையும் சேர்த்து எழுதிவிடுங்கள். என்னை நாலு பேர் முன்னால் சொல்ல வைத்துத்தான் அவர் எனக்குக் கொடுத்தார்.