வாசலிலேயே நின்ற ஷூ

அத்தையின் கால் பெருவிரலுக்கு அடியில் சுகர் புண். வலியே இல்லை, அதுதான் அதில் மோசம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியும் பிரான்ஸில் ஒரு ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஆறாத புண்களுக்கென்றே ஒரு வார்டு நடத்துகின்றன. காலேஜில் பிரெஞ்சு படித்த பாவத்துக்கு நான் அங்கே மொழிபெயர்ப்பாளன்.

பிரான்ஸிலிருந்து வந்த நர்ஸ் அத்தைக்கு ஒரு ஷூ கொடுத்தார். குதிகால் பக்கம் மட்டும் தடிமன். முன்பாதி அந்தரத்தில் நிற்கும். புண் மேல் எடை விழாதாம். வீட்டிலேயே இருங்க, நடந்தால் ஷூவோடு நடங்க என்றார் எங்கள் டாக்டர்.

கட்டு மாற்றிக்கொண்டே இருந்தோம், புண் அப்படியே இருந்தது. இன்னும் ஆறவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் புத்தம் புதுசு. எப்போதும் போடுகிறாரா என்று கேட்கச் சொன்னார்.

"போடாம வெளிய போவனாடா? நான் என்ன லூசா?" என்றார் அத்தை.

நர்ஸுக்குத் திருப்தியில்லை, வீட்டைப் பார்க்கணும் என்றார். எனக்கும் அதே சந்தேகம். மறுநாள் ஸ்கூட்டியில் முதலியார்பேட்டையிலுள்ள அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

வாசலில், எல்லார் செருப்போடும் வரிசையாக, அந்த ஷூ. உள்ளே அத்தை வெறுங்காலோடு அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடந்துகொண்டிருந்தார். வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள், இருக்கிறார். அதனால் ஷூவுக்கு வேலையே இல்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? நானும் அதே வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன்தானே.

"வீட்டுக்குள்ளயும் போடணுமாம் அத்த."

"செருப்போடயா? அந்தம்மாவே கழட்டிட்டுதான வந்துருக்கு. அவங்களையே கேளு."

சொன்னேன். நர்ஸ் குனிந்து தன் சாக்ஸைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: தெருவிலேயே படாத ஷூ என்றால்?

அத்தை யோசித்தார். "மண்ணே படாததா? சரி. சாமி ரூமுக்கு மட்டும் போட்டுட்டுப் போவமாட்டேன்."

புது ஷூ கவரோடு வந்தது. அத்தை அதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் போட்டார்.

சில வாரம் கழித்து கட்டைப் பிரித்தபோது புண் பாதியாகச் சுருங்கி, ஓரமெல்லாம் ரோஸாக இருந்தது. நர்ஸ் என்னை விட்டுவிட்டு நேராக அத்தையைப் பார்த்து ஏதோ பிரெஞ்சில் கொட்டினார்.

"என்னடா சொல்லுது?"

"நல்லா ஆறுதாம்."

"அது கெடக்கட்டும். வெரலு எனக்குத்தானான்னு கேளு."

கேட்டேன். பக்கத்தில் நின்ற எங்கள் டாக்டர்தான் முந்திக்கொண்டார். "உங்களுக்குத்தாம்மா."