நாலாவது குழுவின் விலை

எங்கள் நிறுவனத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. 'பிரிச்சுக்காட்டு அக்கா' என்றால்தான் லாரி ஓட்டுநர்களுக்கும் தெரியும். குழாய், வால்வு, மீட்டர் என்று கிடங்கில் வந்திறங்கும் எந்தப் பெட்டியையும் பிரித்துப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. இருபது வயதில், வேறோர் இடத்தில் பார்த்த முதல் வேலையில், ஒட்டிய பெட்டியை நம்பிக் கையெழுத்துப் போட்டாராம். உள்ளே இருந்தது உடைந்த ஓடு. வேலை போயிற்று. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் எதையும் அவர் மேலோட்டமாகப் பார்த்து நம்பியதில்லை. "நான் வீட்ல சும்மா சிரிச்சா கூட, எதுக்குன்னு கேப்பா" என்பார் லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர்.

அப்படிப்பட்டவரை ஒருநாள் பணியாளர் அதிகாரி மேல்மாடிக்குக் கூப்பிட்டு, மூன்று நாள் வியாபாரப் பயிற்சி என்றார். பாடம் கிடையாதாம், பரீட்சை கிடையாதாம். கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு விளையாட்டுதானாம்.

கணக்குப் பிரிவிலிருந்து நானும் போனேன். படியேறும்போதே அக்கா என் காதில் சொன்னார்: "விளையாடறதுக்கு மூணு நாள் சம்பளம் குடுக்கறாங்கன்னா, சோழியன் குடுமி சும்மா ஆடுமா?"

புதிதாகத் திறக்கவிருந்த கிளைக்குக் கொள்முதல் மேலாளர் தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆளை எடைபோடத்தான் இந்த ஆட்டம் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். எடைபோட்டால் போடட்டும் என்று ஒரு நல்ல புடவையும் கட்டி வந்திருந்தார். ஆசை இல்லாமலா?

அறையில் மூன்று மேசை, மேசைக்கு மூன்று பேர். ஏசியைக் குறைக்க யாரையும் விடவில்லை. பயிற்சியாளர் கையில் ஒரு கறுப்பு நோட்டு. மேசைக்கு ஒரு குழுவாக, ஒவ்வொரு குழுவும் ஒரு குடைத் தொழிற்சாலையை நடத்த வேண்டும். எவ்வளவு குடை செய்வது, என்ன விலை வைப்பது, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுத்துத் தட்டிவிட்டால், யார் எவ்வளவு விற்றார்கள் என்று திரையில் வரும்.

"உங்க மூணு குழுவோட நாலாவதா ஒரு குழுவும் ஆடுது. அவங்க வேற ஆபீஸ்ல இருந்து ஆடறாங்க" என்றார் பயிற்சியாளர்.

எங்கள் மேசையில் அக்கா, நான், விற்பனைப் பிரிவுத் தம்பி. தம்பிக்கு முப்பத்தைந்து வயது. கல்லைக்கூடப் பேசி விற்றுவிடுவார். அக்காவுக்கு அந்த வாய்தான் பிடிக்காது.

முதல் சுற்றில் நாங்கள் முன்னுக்கு வந்தோம். குடை விலை நூற்றுப் பத்து வைத்திருந்தோம். இரண்டாவது சுற்றில் நூற்றுப் பதினைந்து வைத்தோம். நாலாவது குழு நூற்றுப் பதின்மூன்று. மூன்றாவதில் நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு; அவர்கள் நூற்றுப் பத்து. சரியாக இரண்டு ரூபாய் குறைவு. நாலாவது சுற்றிலும் அதேதான். எங்கள் குடைகள் விற்காமல் கிடந்தன.

 அக்காவின் கண் தம்பியின் மடிக்குப் போயிருந்தது. மேசைக்கு அடியில் தம்பியின் கைபேசி ஒளிர்ந்து அணைந்துகொண்டிருந்தது. நாங்கள் விலை பேசி முடித்ததும் அவர் எதையோ தட்டுவார். பதில் வரும். சிரிப்பார்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு வேளையில், மற்ற இரண்டு மேசைக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போதே அக்கா கேட்டுவிட்டார்.

"தம்பி, அந்தப் பக்கம் யாருக்கு விலைய சொல்றீங்க?"

தம்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. "என்னையா கேக்கறீங்க?"

"ரெண்டு ரூபா கணக்கு தவறாம விழுது. நெருப்பில்லாம புகையுமா?"

தம்பி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு பேர் சிரித்தார்கள். பயிற்சியாளர் தூரத்திலிருந்து கறுப்பு நோட்டில் எதையோ எழுதினார். என்னையும் அக்கா சந்தேகப்பட்டிருக்கிறார். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்று விட்டுவிட்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

ஐந்தாவது சுற்றில் அக்கா கையும் களவுமாகப் பிடிக்கத் துணிந்தார். மூவரும் பேசி நூற்று இருபது என்று முடிவு செய்தோம். தம்பி யார் முகத்தையும் பார்க்காமல் தலையாட்டினார். விசைப்பலகை அக்காவிடம் இருந்தது. திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு நூற்று முப்பத்தொன்று என்று அடித்துவிட்டார். தம்பி விலையைச் சொல்லியிருந்தால் நாலாவது குழு நூற்றுப் பதினெட்டு வைக்கும். அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

திரையில் முடிவு வந்தது. நாலாவது குழு: நூற்று இருபத்தொன்பது.

அக்காவின் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. நூற்று முப்பத்தொன்று என்ற எண்ணை அவர் விரல்களைத் தவிர இந்த உலகத்தில் யாரும் அறியார்.

"நூத்தி இருபதுதானே போட்டோம்?" என்றேன் நான். அக்கா எழுந்து நேராகப் பயிற்சியாளரிடம் போனார்.

"சார், நாலாவது குழுவுல ஆளு யாரு?"

"அது... வேற ஆபீஸ்ல..."

"ஒரே ஒருத்தர் பேரச் சொல்லுங்க. போதும்."

பயிற்சியாளர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஆள் கிடையாது மேடம். அது புரோகிராம். முதல் சுற்றுல யாரு முன்னாடி வராங்களோ, அவங்க விலைய விட ரெண்டு ரூபா கம்மியா வச்சுக்கிட்டே வரும்."

"அப்புறம் ஏன் சார் மனுஷங்கன்னு சொன்னீங்க?"

"எதிர்ல ஆள் இருக்குன்னு நெனச்சாதான் போட்டி சூடு பிடிக்கும்."

"சூடு பிடிச்சுது சார்," என்றார் அக்கா. "நான் ஒரு நல்ல பையன சுட்டுட்டேன்."

அந்த நூற்று முப்பத்தொன்றால் எங்கள் தொழிற்சாலை கடைசி இடத்துக்குப் போய், மூன்றாம் நாள் முடியும்வரை அங்கேயே கிடந்தது. உண்மை தெரிந்த அந்த இரண்டாம் நாள் மாலையே அக்கா வண்டி நிறுத்துமிடத்தில் தம்பிக்காகக் காத்திருந்தார். நானும் கூட நின்றேன். தனியாக நிற்க அவருக்குத் தெம்பில்லை.

"தம்பி, தப்பு என் பேர்ல. எல்லார் முன்னாடியும் கேட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்."

தம்பி கைபேசியை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் மனைவிக்கு அந்த வாரம் கார் ஓட்டும் தேர்வு, மூன்றாம் முறை. காலையிலும் மாலையிலும் பயிற்சி. 'ரிவர்ஸ்ல கம்பத்துல இடிச்சிட்டேன்.' 'இன்னிக்கும் அதே கம்பம்.' பதிலுக்குத் தம்பி, 'கம்பத்துக்கு அடி பலமா?' என்று எழுதியிருந்தார்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தம்பிக்கு எதுவும் வரவில்லை. "என்னைத் தனியா கூப்பிட்டு கேட்டிருக்கலாம்," என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தார். மறுநாள் அக்கா சொன்னபடியே செய்தார். ஆனாலும் ஒரு மாதம் தம்பி கிடங்குப் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு காலை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. புதிய கிளையின் கொள்முதல் மேலாளர், முதலாளியின் மச்சான். பயிற்சி அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். நியமனத் தேதியைப் பார்த்தேன். பயிற்சிக்குப் பத்து நாள் முந்தைய தேதி.

அக்கா தாளை இரண்டு முறை படித்தார். பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினார். தம்பி.

"அப்போ நம்ம ஒன்பது பேரும் எதுக்கு அங்க உக்காந்து குடை வித்தோம்?" என்றார் தம்பி.

"தேடித்தான் ஆள் போட்டோம்னு சொல்றதுக்கு" என்றார் அக்கா. "நான் பாரு, ரெண்டு நாளா உன் மடியவே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

முதல் முறையாக அவர் தம்பியை ஒருமையில் பேசியது அன்றுதான். தம்பி அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். இருவரும் அன்று ஒன்றாகத் தேநீர் குடித்தார்கள்.

இரண்டு மாதத்தில் தம்பி வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அங்கே சேர்ந்த மாதமே அக்காவுக்குப் போன்: "அக்கா, இங்க கொள்முதலுக்கு ஆள் தேடறாங்க. உங்களப் பத்தி சொல்லியிருக்கேன்."

"என்ன பத்தி என்ன சொன்ன?"

"யாரையும் நம்ப மாட்டாங்கன்னு சொன்னேன். அதான் வேணும்கறாங்க."

"மொதலாளிக்கு மச்சான் எத்தன பேரு?"

"அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா. கூடப் பொறந்தவங்களும் இல்ல."

அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் விடுப்பெடுத்து, அந்த நிறுவனத்தின் வாசலுக்கு எதிரே உள்ள கடையில் உட்கார்ந்து, வரும் லாரியையும் போகும் லாரியையும் எண்ணிவிட்டு வந்தார். நேர்முகத்துக்குப் போனபோது முதலாளியை அவர் கேட்ட கேள்விகள்தான் அதிகமாம். நியமனக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் வரிவரியாகப் படித்துக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இன்று அங்கே கொள்முதல் முழுவதும் அவர் பொறுப்பு. தம்பியோடு வாரத்துக்கு இரண்டு சண்டையாவது நடக்கிறதாம். எதுவானாலும் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக.