விதைச் சந்தைக்கு விழுந்த புள்ளிகள்

மாதுங்காவில் பூக்கடைகளுக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மல்லிகைச் சரம் முழம் போடுவார்கள், மேலே நாங்கள் ஊர் ஊருக்கு ஐந்தாண்டுத் திட்டம் எழுதுவோம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எரிச்சல் வரும். யார் வேலை கொடுக்கிறார்களோ அந்த ஊர். கடைசியாக வந்தது ஆப்பிரிக்கா. மலாவி, சாம்பியா, தான்சானியா மூன்று நாட்டிலும் உள்ள சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு நடத்துகிறார்கள். மண்ணைக் கெடுக்காமல், உரக்கடையை நம்பாமல் விவசாயம் செய்கிறவர்கள். அவர்களுக்குப் பணம் தரும் நிறுவனம் ஐரோப்பாவில் இருக்கிறது. விவசாயி ஒரு கண்டத்தில், பணம் இன்னொரு கண்டத்தில், திட்டம் மட்டும் மாதுங்காவில். இங்கே மலிவாக எழுதித் தருவோம், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது செம்பூரில் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா இன்னும் தாராவியில்தான் இருக்கிறாள். வாசலில் அடுப்பைப் போட்டு முறுக்கு சுட்டு, சயான் வரைக்கும் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறாள். அந்த வாசலும் அடுப்பும்தான் என்னைப் படிக்க வைத்தன.

"ஆப்பிரிக்காவுல உள்ளவனுக்கு என்ன வேணும்னு உனக்கு எப்படிட்டி தெரியும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அவங்ககிட்ட கேட்டுத்தாம்மா எழுதுவோம்" என்றேன். அப்போது நம்பித்தான் சொன்னேன். கேட்கவும் கேட்டோம். 

அந்தக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளர் மலாவியில் ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வாரத்தில் இரண்டு மூன்று முறை பேசுவோம். என்னை சிஸ்டர் என்பார். அவர் பேசும்போது பின்னால் எப்போதும் கோழிச் சத்தம் கேட்கும். நான் பேசும்போது என் பக்கம் டாக்சி ஹார்ன். "நீங்கள் சாம்பாரில் போடும் துவரை எங்கள் வயலிலிருந்து வருகிறது சிஸ்டர், நன்றி சொல்லுங்கள்" என்று சீண்டுவார். நான் சொன்னால்தான் அடுத்த விஷயத்துக்குப் போவார்.

அவருக்கு அந்தத் திட்டத்தில் ஒரே ஒரு விஷயம் இருந்தால் போதும். விதைச் சந்தை. வருஷத்தில் ஒருமுறை, அறுவடை முடிந்ததும் மூன்று நாட்டு ஆட்களும் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். சோளம், தட்டைப்பயறு, துவரை, வேர்க்கடலை என்று அவரவர் வீட்டில் காப்பாற்றி வைத்த விதையைத் துணியில் முடிந்து கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். விலை கிடையாது. ஒரு வருஷம் வெள்ளம் வந்து அவர் பகுதியில் வீட்டு விதையெல்லாம் அழுகிவிட்டது. சந்தையில் முந்தின வருஷம் வாங்கிப்போன சாம்பியாக்காரர்கள் அதே விதையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "அது இல்லையென்றால் நாங்கள் கடை விதைக்கு அடிமை" என்றார். சந்தைக்கு ஆகும் செலவு லாரி வாடகையும் வந்தவர்களுக்குச் சோறும்தான், அதை அந்த ஐரோப்பிய நிறுவனம் வருஷாவருஷம் கொடுத்துவந்தது. திட்டத்தில் இடம் பிடித்தால் அந்த லாரி ஐந்து வருஷமும் கவலையில்லாமல் ஓடும், இல்லையென்றால் வருஷத்துக்கு வருஷம் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும். அவருக்கும் எனக்கும் இது தெளிவாகத் தெரியும்.

திட்டக் கூட்டம் அங்கே ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. நாங்கள் இங்கிருந்து திரையில் கலந்துகொண்டோம். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஆளாளுக்கு வேண்டியதை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பிறகு ஒன்றுபோல இருக்கும் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, மேலே ஒரு தலைப்பு போடுவோம். கடைசியில் ஆளுக்குச் சில பச்சைப் புள்ளி ஸ்டிக்கர்கள். எந்தத் தலைப்பு முக்கியமோ அதில் ஒட்டலாம். நல்ல முறைதான், படிக்காதவர்களும் கலந்துகொள்ளலாம் என்று நானே பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

விதைச் சந்தை என்ற அட்டையை என் டைரக்டர், ரேடியோ நிகழ்ச்சி, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்ப்பது, கைபேசியில் மழைச் செய்தி ஆகிய அட்டைகளோடு சேர்க்கச் சொன்னார். மேலே தலைப்பு, அறிவுப் பரிமாற்றம். கேட்டால் யாருக்கும் தப்பாகத் தெரியாது. அறையில் பெண்கள் வரிசையில் நின்று, சிரித்துக்கொண்டே புள்ளி ஒட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் வரிசை நெடுக நடந்து ஒவ்வொருத்தியிடமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அறிவுப் பரிமாற்றத்தின் கீழே தாள் தெரியாத அளவுக்குப் பச்சை.

"இவ்ளோ க்ளியரா ஒரு முடிவு வந்து நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் டைரக்டர். அவர் மாதுங்காவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம், கெட்ட மனிதர் இல்லை. நானும் அன்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. முதல் இலக்கு, அறிவுப் பரிமாற்றம். அதன் கீழே விதைச் சந்தை என்று பெயர் சொல்லி எழுதினேன். டைரக்டர் அடித்துவிட்டார். "ஸ்ட்ராடஜியில இலக்குதான் வரும், நிகழ்ச்சி பேரெல்லாம் வராது. லாரி, சோறுன்னு எழுதினா சிரிப்பா. அது அடுத்து வர்ற செலவுத் திட்ட ஆவணத்துல தானா வரும்." அடிக்குறிப்பிலாவது இருக்கட்டும் என்று சண்டை போட்டு வைத்தேன். பணம் தருகிறவர்கள் அதையும் எடுத்துவிட்டார்கள். அட்டைகள் எல்லாவற்றையும் பின்னிணைப்பில் தட்டிப் போட்டிருந்தேன். பின்னிணைப்பை உலகத்தில் யார் படிக்கிறார்கள்?

அடுத்த ஆவணம் எங்களிடம் வரவில்லை. அதை ஐரோப்பாவில் வேறு ஆட்கள் எழுதினார்கள். விவசாயிகளே அதிகமாகக் கேட்டிருப்பது அறிவுப் பரிமாற்றம் என்பதால் பெரும்பகுதிப் பணம் அதற்குத்தான் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு கைபேசி ஆப். ஒரே இலக்குக்கு இரண்டு செலவு எதற்கு என்று சந்தைக்கு வருஷாவருஷம் போய்க்கொண்டிருந்த பணத்தையும் ஆப்பில் சேர்த்துவிட்டார்கள்.

ஒப்புதல் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "ஆப்பில் விதையை எப்படிக் கொடுப்பார்கள்?" என்று கேட்டேன். பணம் தரும் நிறுவனத்து ஆள் ஒருவர் மிகவும் பொறுமையாக, சந்தை வருஷத்துக்கு ஒருமுறைதான், ஆப் என்றால் வருஷம் முழுக்கச் சந்தை என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். டைரக்டர் மேஜைக்குக் கீழே கையைக் காட்டி, போதும் என்றார். ஒருங்கிணைப்பாளரின் இணைப்பு அன்று பாதியிலேயே அறுந்துவிட்டது. அவர் பெயர் எழுதிய கறுப்புச் சதுரம் மட்டும் திரையில் இருந்தது.

நான்கைந்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். திட்டப் புத்தகம் போய்ச் சேர்ந்திருந்தது. மேலட்டையில் அவர்கள் ஊர்ப் பெண்களின் படம், பல் தெரியச் சிரிப்பு.

"அழகாக இருக்கிறது சிஸ்டர். எங்கள் சந்தை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல், ஆப் வரைக்கும் சொன்னேன். கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கோபமே இல்லாத குரலில், "எல்லாப் புள்ளியையும் அங்கேயே ஒட்டுங்கள், அங்கேதான் நம் சந்தை இருக்கிறது என்று நான்தானே ஒவ்வொருத்தியாகச் சொன்னேன்" என்றார். "கிணறு கேட்டு வந்தவர்களைக்கூட மாற்றினேன் சிஸ்டர்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சந்தைக்குப் புள்ளி குறைந்திருந்தால்கூட அதன் பழைய பணமாவது மிஞ்சியிருக்கும். அவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டதாலேயே அது போயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது? என்ன திருத்தினால் இது சரியாகும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்த வருஷம் லாரி ஓடவில்லை. ஆப் வந்துவிட்டது, என் போனிலும் இருக்கிறது. திறந்தால் முதலில் அதே பெண்களின் சிரிப்பு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். அம்மா வாசலில் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் சந்து வீடுகளை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று வருஷக்கணக்காகப் பேச்சு. புது வீடு எத்தனையாவது மாடியோ, அங்கே அடுப்பு வைக்க வாசல் இருக்குமோ என்பதுதான் அவளுக்குக் கவலை.

"நாளைக்கி மீட்டிங் வச்சிருக்காவட்டி" என்றாள், முறுக்கைத் திருப்பிக்கொண்டே. "சும்மா இல்ல, எல்லார்ட்டயும் கேட்டுத்தான் செய்வாவளாம். சுவத்துல அட்டை எழுதி ஒட்டுவாவளாம். நமக்குப் பச்சைப் பொட்டு குடுப்பாவளாம். எனக்கு இந்த அடுப்பு வைக்க எடம் வேணும். அதுக்கு எங்கன ஒட்டணும்? இதானே உன் வேலை, நீ சொல்லு."

 எல்லாரும் உன் அடுப்புக்கே ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன பிரயோசனம்?

"எங்கயும் ஒட்டாதம்மா. கையிலயே வச்சிக்கோ."

அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நல்லா சொன்ன போ. ஒட்டலன்னா, இவளுக்கு ஒண்ணும் வேண்டாமாம்னு எழுதிருவாவல்லா" என்றாள்.