டாக்டரம்மா காருக்கு வைத்த மூக்கு

தகரத்தை உருட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்த குழாய் அது. பானெட்டின் பக்கவாட்டில் நான் வெட்டிய ஓட்டை வழியாக வெளியே வந்து, முன்கண்ணாடியின் ஓரமாக ஏறி, கூரைக்கு ஒரு சாண் மேலே போய், மழை உள்ளே இறங்காதபடி வாயைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மாட்டுங்காவில் டாக்டரம்மாவின் வீட்டு வாசலில் அந்தச் சின்னக் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, மாடியிலிருந்து எட்டிப்பார்த்த பெரியவர் ஒருவர், "என்னய்யா, கார் ஹுக்கா குடிக்கறதா?" என்று கேட்டார். இப்போது தாணேயில் என் மகள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே ஒரு பெரிய ஜீப் நிற்கிறது. அதற்குக் கம்பெனியிலேயே இப்படி ஒரு குழாய் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கறுப்பு பிளாஸ்டிக்கில், பார்க்க லட்சணமாக. ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது தவிர அந்த வண்டி தண்ணீரைக் கண்டதாகத் தெரியவில்லை.

அறுபதுகளில் எனக்குத் தாராவியில் ஒரு மோட்டார் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் மேலே தகரம், மூன்று பக்கம் பலகை, நாலாவது பக்கம் சாக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதோ, அப்பா அம்மா வைத்த பெயரோ யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் நான் மிஸ்திரிதான். டாக்டரம்மா மாட்டுங்காக்காரர். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பார். மற்ற நாட்களில் செம்பூர், தேவ்நார் என்று பிரசவம் பார்க்கத் தானே காரை ஓட்டிக்கொண்டு போவார். அந்தக் காலத்தில் சேலை கட்டிய பெண் ஒருத்தி கார் ஓட்டிப்போனால் தெருவே நின்று பார்க்கும். அவர் யாரையும் பார்க்க மாட்டார். எனக்கு அவரிடம் மரியாதையைவிடக் கொஞ்சம் பயம்தான் அதிகம். நட்டை முழுதாக முறுக்காமல் விட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

மழைக்காலத்தில்தான் சிக்கல். சயானில் தண்ணீர் தேங்கினால் செம்பூர்ப் பக்கம் போகக் காருக்கு வேறு வழி கிடையாது. அந்த வண்டியின் எஞ்சின் காற்று இழுக்கும் வாய் தாழ்வாக, ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் இருந்தது. குளிர்காலத்துக்கு ஒரு பக்கம், வெயில்காலத்துக்கு ஒரு பக்கம் என்று அதைத் திருப்பி வைக்க வெள்ளைக்காரன் வசதி செய்திருந்தான். மழைக்காலம் என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது போலும். காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்தால் எஞ்சின் அப்படியே நிற்கும். நின்றதோடு விட்டால் பிழைக்கும். அவசரப்பட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் உள்ளே ராடு வளைந்துவிடும். அவருடைய வண்டிக்கு ஒரு தடவை வளைந்து, எஞ்சினையே இறக்கி வேலை பார்த்தேன். அதிலிருந்து அவரிடம் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தேன்: "தண்ணிக்குள்ள நின்னுட்டா சாவியத் தொடாதிய. எறங்கிருங்க."

அடுத்த மழைக்கு முன்னால் அவர் வந்து பானெட்டைத் தானே திறந்து நின்றார். "இதோட மூக்கு எது, மிஸ்திரி?" என்று கேட்டார். காட்டினேன். "மூக்கை இடுப்புக்குக் கீழ வெச்சுண்டு யாராவது ஆத்துல எறங்குவாளா? மேல தூக்கி வைக்க முடியாதோ?" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு முடியாது என்ற வார்த்தை வாயில் வராது. வேலையைக் கையில் எடுத்த பிறகுதான் முழி பிதுங்கும்.

முதலில் வைத்த குழாய் ஒல்லி. மேட்டில் ஏறும்போது வண்டி ஆஸ்துமாக்காரனைப் போல இழுத்தது. கழற்றி எறிந்துவிட்டு, நெய் டப்பாத் தகரத்தை வெட்டிப் பருமனாக ஒன்று செய்தேன். காக்கை குருவி கூடு கட்டாமலிருக்க அதன் வாயில் கம்பி வலை வைத்தேன். அந்த வலையும் காற்றைக் கொஞ்சம் பிடித்தது. எஞ்சினின் சத்தத்திலேயே எனக்கு அது தெரிந்தது. டாக்டரம்மாவின் காதுக்கும் தெரிந்துவிடுமே என்று வலையைப் பிடுங்கிவிட்டேன். இப்போது எஞ்சின் தாராளமாக மூச்சுவிட்டது. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரை முன்பக்கம் அடித்துப் பார்த்தேன், எஞ்சின் நிற்கவில்லை. சந்துக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் குழாயைப் பார்த்துச் சிரித்தவர்கள் பாதி, வாயைப் பிளந்தவர்கள் பாதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் அவரிடம் வண்டியைக் கொடுத்து, இடுப்பளவுத் தண்ணீர் என்றாலும் போகலாம், முதல் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விடாமல் அழுத்துங்கள் என்று சொன்னேன்.

நாலாம் நாள் பேய்மழை. நடுப்பகலில் தேவ்நாரிலிருந்து ஆள் வந்தது: ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று. குழாய் இல்லாதிருந்தால் டாக்டரம்மா காரை எடுத்திருக்க மாட்டார். சுற்றியடித்து ரயிலைப் பிடித்திருப்பார். என் குழாயை நம்பி சயான் தண்ணீரில் காரை இறக்கினார். நான் சொன்னபடியே முதல் கியர், அழுத்திய கால். பாதி தூரம் வந்ததும் எஞ்சின் இரண்டு தடவை முக்கிவிட்டு நின்றது. தண்ணீரைக் குடித்துவிட்டது என்றுதான் நினைத்தார். நான் பாடிய பாட்டு நினைவுக்கு வந்திருக்கிறது. சாவியைத் தொடவில்லை. பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தார். செம்பூர் வரை நடை, பிறகு ஒரு லாரி. போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாயைக் காப்பாற்றிவிட்டார். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்த பிறகு, அவர் சொல்லியனுப்பி, வண்டியை இழுத்துவரப் போனேன். ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு குழாயின் வாயில் விரலை விட்டேன். ஒரு சின்ன எலுமிச்சம்பழமும் நாலைந்து பச்சைமிளகாயும் தொண்டையில் அடைத்துக்கொண்டு இருந்தன. சாதாரணமாக ஓடும்போது கவிழ்ந்த வாய்க்குள்ளேயே சும்மா தொங்கிக்கொண்டிருந்தவை, காலை அழுத்தி மிதித்ததும் இழுபட்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கோத்திருந்தது பச்சை உல்லன் நூல். அந்த நூலை எனக்குத் தெரியும். என் மனைவி அப்போது ஏழு மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்த நூலில்தான் குல்லா பின்னிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவளே ஆரம்பித்தாள். "டாக்டரம்மா மழைக்குள்ள பத்திரமா போய்ச் சேந்தாவளா?" என்றாள். சேர்ந்துவிட்டார் என்றேன். "நான் ஒண்ணு செஞ்சேன், வையாதிய. ஊரே வந்து அந்தக் கொழாயக் கண்ணு வச்சுட்டுப் போச்சு. எனக்குப் பேறு பாக்கப்போற அம்மா அவிய. அவியளுக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுல்லா? வண்டி போறதுக்கு முந்துன ராத்திரி, நீங்க பாத்தாப் பிச்சு எறிஞ்சிருவியன்னு, கொழா வாய்க்கு உள்ளாற எலுமிச்சங்கா கெட்டிவிட்டேன்." நான் வையவில்லை. அவள் வயிற்றைப் பார்த்தேன். தேவ்நார்ப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமலே விட்டேன். அங்கே நடந்தது எங்கள் சந்துக்கு வந்து சேராத தூரம். நான் சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

டாக்டரம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ராடு வளைந்தது, தண்ணீர் போனது என்று ஏதாவது புளுகலாம். ஆனால் அவர் பானெட்டைத் திறந்து பார்க்கிறவர். பழத்தையும் நூலையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனேன். பிரித்துக் காட்டி, "தண்ணி போகலம்மா. இதுதான் அடைச்சிருக்கு. நான்தான் கெட்டுனேன்" என்றேன். அவர் நூலை விரலால் பிரித்துப் பார்த்தார். "சாமியாவது பூதமாவதுன்னு பேசற ஆளாச்சே நீங்க" என்றார். "நேரத்துக்குப் போயிருந்தா பொழச்சிருக்குமாம்மா?" என்று கேட்டேன். "தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு, குழாயின் வாயில் ஒரு வலை வைக்கச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது இரண்டு மாதம் தாங்கியது. என் மனைவிக்கு வலி கண்டது ஒரு பிற்பகலில். டாக்டரம்மாவின் அந்தச் சின்ன அறையில் குறுக்கே ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான். வலிக்கும் வலிக்கும் நடுவில் அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எம்மா, அன்னைக்கு அந்த மழையில, நான் கெட்டிவிட்ட எலுமிச்சங்கா உங்களுக்குத் தொணையா இருந்துச்சாம்மா?"

நான் திரையைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்த மாதிரி பேச வராது என்று சொன்ன மனுஷி அவர். தேவ்நாரில் தன் கைக்கு வந்த பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஒரு வார்த்தை போதும். என் மனைவி அந்த நிமிஷமே உடைந்துபோவாள்.

"இருந்துது. அதனாலதான் போய்ச் சேந்தேன்" என்றார் டாக்டரம்மா. "இப்போ பேசாம மூச்சை இழு."

மகள் பிறந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "அப்போ நீங்க கட்டலை" என்றார், மெதுவாக. "மொதல்ல இருந்த வலையப் பிடுங்குனது நான்தாம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பச் சொன்னார். அதன் பிறகு எத்தனையோ வருஷம் அந்த வண்டிக்கு வேலை பார்த்தேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது அவர் இல்லை.

என் மனைவி இருக்கிறாள். தாணேயில் பேரப்பிள்ளைகளுக்கு அவள் சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று. அதில் மழை கொட்டும், சயான் முங்கும், டாக்டரம்மாவின் கார் மட்டும் கப்பல் மாதிரி போய்ச் சேரும், தேவ்நாரில் பிள்ளை வீல் என்று கத்தும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சில நாள் கதை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அந்தத் தேவ்நார்ப் புள்ளைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?" என்று கேட்பாள்.

"நம்ம மகளுக்கு ரெண்டு மாசம் மூப்பு" என்பேன்.