சுமைதாங்கிக்கு எலுமிச்சை மாலை

போன வியாழக்கிழமை ஒரு தெய்வத்தின் முன்னால் சட்டையெல்லாம் தயிராக நின்றேன். அபிஷேகம் அல்ல... விபத்து!

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் கரி பஸ் புராணம் மனப்பாடம் ஆகியிருக்கும். யுத்தம் வந்தது, பெட்ரோல் போனது, பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பை ஏற்றி, அதன் புகையிலேயே ஓட விட்டுவிட்டார்கள். அந்தப் பஸ்ஸில்தான் சேலத்திலிருந்து ராசிபுரத்துக்கு, ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினேன். மல்லூர் தாண்டி ஒரு மேடு. மேட்டைக் கண்டதும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிக் கரியைப் போட்டு விசிறியைச் சுற்ற ஆரம்பித்தார். எப்போது கிளம்பும் என்று கேட்டேன். அடுப்பைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

இறங்கினேன். வேறு என்ன செய்வது?

ரோட்டோரம் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தலையில் சுமையோடு நடந்து வருகிறவர், யார் தயவும் இல்லாமல் அதன்மேல் சுமையை நகர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். நம் பக்கத்து ரோடுகளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தச் சுமைதாங்கிக்கு உடம்பெல்லாம் மஞ்சள். இடுப்பில் சிவப்புத் துணி. பலகையின் விளிம்பில் எலுமிச்சை மாலை.

அதற்கு என்ன விசேஷம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் தலையில் தயிர்க் கூடையோடு வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கல்லைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் கை குடுங்க சாமி. கீழ எறக்கோணும்.”

கொடுத்தேன். பேனா பிடிக்கிற கைக்குத் தயிர்க் கூடையின் நீக்குப்போக்கு தெரியுமா? ஒரு பானை சாய்ந்தது. பாதித் தயிர் என் சட்டையில். அந்த அம்மாள் பதறிப்போய் முந்தானையால் துடைக்க வந்தார். எனக்குக் கோபம். தயிர் போனதற்கு அவர் அல்லவா கோபப்பட வேண்டும்? அது எனக்கு அப்புறம்தான் தோன்றியது. கையெட்டும் தூரத்தில் சுமைதாங்கி நிற்கும்போது என்னை எதற்கு அம்மா கூப்பிட்டீர்கள் என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

“அதும்மேல வெக்கக் கூடாதுங்க. இப்ப அது சாமிங்க.”

அவர் பெயர் பழனியம்மா. கண்டக்டர் விசிறியைச் சுற்றச் சுற்ற, அவர் கதையைச் சொன்னார். எதிரே புளிய மரத்தடியில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் மாரப்பனும் வந்து சேர்ந்துகொண்டார். பாதிக் கதை அவருடையது.

ஆறு மாசத்துக்கு முன்னால் இந்த ரோட்டை அகலப்படுத்த வேலை ஆரம்பமாயிற்று. ஓவர்சியர் வந்து அளந்தார். அளவுச் சங்கிலி நேராகச் சுமைதாங்கியின் மேல் போயிற்று. நல்ல கருங்கல், உடைத்தால் ஜல்லிக்கு ஆகும் என்றார் ஓவர்சியர். ஊரார் கூடிக்கொண்டு ஆட்சேபித்தார்கள். அவர் கெட்ட மனிதர் அல்ல; பொறுமையாகவே விசாரித்திருக்கிறார். இது கோயிலா? கோயில் என்றால் ரோட்டை வளைத்துக்கொண்டு போகலாம். பழங்காலத்துக் கல்லா? ஏதாவது எழுத்து வெட்டியிருக்கிறதா? அப்படியானால் மேலிடத்துக்குத் தெரிவிக்கலாம். இரண்டும் இல்லை என்றால் அவர் என்ன செய்வார்?

இரண்டும் இல்லைதான். கல் நட்டு இருபத்தைந்து வருஷம் இருக்கும். தனக்கே அதைவிட வயது அதிகம் என்று ஓவர்சியர் சிரித்தாராம்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பொருள் எத்தனை வருஷம் கிடந்தால் பொக்கிஷம் ஆகிறது? நாமக்கல் மலைமேல் கோட்டை இருக்கிறது, ராஜாக்கள் கட்டியது, அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியதுதான், சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கோட்டை இன்றைக்கு யாருடைய கழுத்து வலியையாவது தீர்க்கிறதா? ராசிபுரத்திலிருந்து ஜவுளி மூட்டை சுமந்து வருகிற ஆளைக் கேளுங்கள். கோட்டையா, சுமைதாங்கியா, எது வேண்டும் என்று கேளுங்கள். எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மதிப்புப் போடுகிற விஷயமும் அப்படித்தான். ஓவர்சியர் கண்ணுக்கு அது ஜல்லி. மூட்டைக்காரருக்கு அது இளைப்பாறும் இடம். பழனியம்மாவுக்கு? அது அவருடைய அக்கா.

ஆமாம், அக்காதான். குஞ்சாயி என்று பெயர். தலைப்பிரசவம். வலி எடுத்து, பிள்ளை பிறக்காமலே தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டார்கள். அப்படிப் போகிற பெண்ணுக்குச் சுமைதாங்கி நடுவது நம் நாட்டு வழக்கம். தகப்பனார் உழவு மாட்டில் ஒன்றை விற்றுக் கல்லை வாங்கி வந்து நட்டாராம். சின்னப் பெண்ணாக இருந்த பழனியம்மாதான் முதன்முதலில் அதன்மேல் ஒரு கூடையை இறக்கி வைத்தவர்.

அந்தக் கல்லைத்தான் ஜல்லியாக்குவது என்று முடிவாயிற்று. அப்போதுதான் மாரப்பனின் மூளை வேலை செய்தது. கோயில் என்றால் ரோடு வளையும் என்று ஓவர்சியரே சொல்லிவிட்டார் அல்லவா? ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாரப்பன் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் கொளுத்திவிட்டார். சுமைதாங்கியம்மன்! பூசாரி யார்? வேறு யார், அவர்தான். ஓவர்சியர் வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரோடு வளைந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் இன்றைக்கும் அந்த வளைவு தெரியும்.

ஊரே மாரப்பனைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். நானாக இருந்தால் நாலு மகஜர் எழுதிப் போட்டுவிட்டு, கல் உடைபடுவதை வேடிக்கை பார்த்திருப்பேன்.

ஆனால் மறுநாள் மூட்டையோடு வந்தவர், மஞ்சளைப் பார்த்து ஒதுங்கிப் போனார். அதற்கடுத்து வந்தவரும் அப்படியே. சாமி தலையில் யார் மூட்டையை வைப்பார்கள்? ஆறு மாசமாக அந்தக் கல்மேல் எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறு கனம் எதுவும் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் குடம் இருக்கிறது. மாமனார் கொடுத்தது. கல்யாணமான நாளாகப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரை அது பார்த்ததே இல்லை. கேட்டால், பத்திரமாக வைத்திருப்பதாக என் மனைவி சொல்லுவாள். நமக்குத் தெரிந்த பத்திரம் இரண்டே வகைதான். ஒன்று, பூட்டி வைப்போம். இல்லாவிட்டால், கும்பிட்டு வைப்போம். உபயோகித்துக் காப்பாற்றுவது என்று மூன்றாவதாக ஒரு வழி இருப்பது நம் ஞாபகத்துக்கே வருவதில்லை.

இதையெல்லாம் நான் மாரப்பனிடம் பெரிய பிரசங்கமாகவே செய்தேன். அவர் அசையவில்லை. ஜனங்கள் மூட்டை வைக்க ஆரம்பித்தால் சாமி என்கிற பயம் போய்விடும். பயம் போனால் ஓவர்சியர் திரும்பி வருவார் என்றார்.

“நான் மட்டும் மஞ்சப் பூசலீன்னா, இந்நேரம் இந்தக் கல்லு உங்க பஸ்ஸுக்கு அடியில கெடக்குமுங்க.”

நியாயம்தானே? பழனியம்மா கல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

“எங்கக்கா வகுத்துச் சொமையோட போயிட்டாளுங்க, எறக்கி வெக்கவே இல்ல. போற வாரவங்க இதும்மேல சொமைய எறக்குனா, அவளுக்கும் கொஞ்சம் எறங்குமுன்னுதானுங்க எங்கப்பன் நட்டாரு. ஆறு மாசமா ஆரும் எறக்கலீங்க.”

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மஞ்சளைக் கழுவினால் கல் போய்விடும். கழுவாவிட்டால் அக்காவின் சுமை இறங்காது. ஆறு மாசமாக இந்த அம்மாள் தினம் இரண்டு வேளை இந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறார். ஒவ்வொரு வேளையும் சுமையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சாமியை யார் எடுக்கச் சொன்னது? சாமி இருக்கட்டும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். முனியப்பனுக்குக் கிடா வெட்டுகிறோம். ஒவ்வொரு சாமிக்கும் பிடித்தது ஒன்று இருக்கிறது அல்லவா? இந்த அம்மனுக்கு எலுமிச்சம்பழம் பிடிக்கும் என்று யார் சொன்னது? மாரப்பனிடம் கேட்டேன். எல்லா அம்மனுக்கும் போடுவதுதானே என்று இழுத்தார். இந்த அம்மனை எதற்காக நட்டார்களோ, அதுதான் இவளுக்குப் படையல் என்றேன். சுமைதான் படையல். அதை ஆறு மாசமாகக் கொடுக்காமல் சாமியைப் பட்டினி போட்டிருக்கிறீர்களே, பூசாரி!

மாரப்பன் யோசித்தார். வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். பழனியம்மா அவருக்காகக் காத்திருக்கவில்லை. சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“தூக்கி உடுங்க சாமி.”

தூக்கிவிட்டேன். இந்தத் தடவை ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். கூடை தலைக்கு ஏறியது. அவர் இரண்டடி நடந்து, கல்லின் எதிரே கொஞ்சம் தயங்கி நின்றார். அப்புறம் கழுத்தைச் சாய்த்து, கூடையை மெல்லப் பலகைமேல் நகர்த்தினார். மாரப்பன் அவசரமாக ஓடி வந்து எலுமிச்சை மாலையை ஓரமாக ஒதுக்கி இடம் விட்டார்.

பழனியம்மா மஞ்சள் பூசிய கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“அக்கா... எறக்கி வெச்சுட்டேன்.”

அவ்வளவுதான். நான் பஸ்ஸின் பக்கம் திரும்பிக்கொண்டேன். கரிப்புகை கண்ணில் பட்டதாகக் கண்டக்டரிடம் சொன்னேன். மாரப்பன் சூடம் கொளுத்தி, தயிர்க் கூடையைச் சேர்த்தே சுற்றிக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற ஜவுளிக்காரர் ஒருவரும் தம் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். நான் விடுவேனா? கல்யாணத்துக்குக் கொண்டு போன பலாப்பழத்தை எடுத்து வந்து வைத்தேன். ஒரு வழியாகப் பஸ்ஸும் கிளம்பிற்று.

சனிக்கிழமை அதே வழியாகத் திரும்பினேன். மேட்டுக்கு முன்னாலேயே ஜன்னலோரம் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. மாலை புதிதாக இருந்தது. ரோடு வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். தலையில் ஒரு கூடை ஜல்லி. கல்லின்மேல் அதை நகர்த்தி வைத்தாள். ஜல்லியாகியிருக்க வேண்டிய கல், அந்த ஜல்லிக் கூடையைத் தாங்கிக்கொண்டு நின்றது. அவள் கும்பிடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, “அப்பாடா” என்றாள்.

அந்த அம்மனுக்கு அதுதான் மந்திரம்.