வெள்ளாற்று முகத்துவாரத்தில் இறங்கப் போனேன்

நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்க்கும் நாங்கள் நான்கு பேர், கடலூரிலிருந்து தரங்கம்பாடி வரை கடற்கரையோரமாகவே நடந்துபோகத் திட்டமிட்டோம். செல்போன் வரைபடத்தைப் பார்த்து வழியைக் குறித்தது நான்தான்.

எங்கள் செக்‌ஷனில் கான்ட்ராக்டில் இருக்கும் அஞ்சலை அதைப் பார்த்தார். அவர் பரங்கிப்பேட்டை பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவர்.

"வெள்ளாறு கடல்ல சேர்ற எடத்த எப்படி சார் தாண்டுவீங்க?"

"அங்க மணல்திட்டுதாம்மா இருக்கு," என்றேன்.

"ஒரு தடவ நேர்ல பாத்துடுங்க. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். படத்தில் இருந்த மணல்திட்டைக் காணோம். தண்ணீர் அமைதியாகத் தெரிந்ததால், பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கப் போனேன். அஞ்சலை என் கையைப் பிடித்து நிறுத்தினார். கீழே கிடந்த தென்னைமட்டையை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். பத்து எண்ணுவதற்குள் அது கடலுக்குள் போய்விட்டது.

"கடல் உள்வாங்கி தண்ணி வத்தும்போது இப்படித்தான் இழுக்கும் சார். மண்ணும் எடம் மாறிக்கினே இருக்கும். படகுலதான் போவணும்."

படகு எங்கே கிடைக்கும், நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மணலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். எந்த ஏட்டையும் பார்க்காமல் அத்தனையும் சொன்னார். அதன்படி நடந்து பத்திரமாகத் தரங்கம்பாடி சேர்ந்தோம்.

இப்போதெல்லாம் அந்தந்தக் கரையில் வாழ்கிறவர்களிடம் பேசாமல் நான் எந்த வழியையும் குறிப்பதில்லை.